ஓய்வு பெற்றவரை மீண்டும் அழைக்கும்போது

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்திய செய்தியும், தங்கச்சியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் செய்தியும் மகிழ்ச்சி தந்தன. பாதாளச் சாக்கடைப் பணிக்காகத் தொகுப்பூதியத்தில் உன்னை மீண்டும் நகராட்சிக்கு அழைக்கிறார்கள் என்றும், போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். கலிபோர்னியாவில் இதற்கு என்ன நடைமுறை என்று கேட்டதால், நகர நிர்வாகத்தில் இருக்கும் எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இங்கே மிகப் பல நகராட்சிகளின் ஊழியர்களுக்கு ஓய்வூதியம் வழங்குவது கால்பர்ஸ் என்னும் மாநில அமைப்பு. அதில் ஓய்வூதியம் பெறுகிறவர், அந்த அமைப்பில் சேர்ந்த ஒரு நகராட்சிக்குத் தற்காலிகமாகத் திரும்பினால், ஜூலை முதல் ஜூன் வரையிலான நிதியாண்டில் 960 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. முழு நேரமாக வந்தால் 24 வாரங்களில் அது தீர்ந்துவிடும். சம்பளம் மணிக்கணக்கில்தான், அதுவும் அந்தப் பதவிக்கு வெளியிடப்பட்டுள்ள ஊதிய விகிதத்தின் உச்சத்தைத் தாண்டக் கூடாது. விடுப்புச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, படி எதுவும் கிடையாது. புதிதாக உழைத்த காலத்துக்காக ஓய்வூதியமும் உயராது. விதியை மீறினால் அவர் பணியில் மீண்டும் சேர்ந்துவிட்டதாகக் கருதி, அந்தக் காலத்தில் வாங்கிய ஓய்வூதியத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிவிடுவார்கள் என்பதால், திரும்பி வரும் பெரியவர்கள் மணிக்கணக்கைத் தாங்களே தனியாக ஒரு நோட்டில் எழுதி வைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆளுநர் ஜெர்ரி பிரவுன் 2012இல் கையெழுத்திட்டு, 2013 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஓய்வூதியச் சீர்திருத்தச் சட்டம், ஓய்வு பெற்ற நாளிலிருந்து 180 நாள் காத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையும் சேர்த்தது. வெள்ளிக்கிழமை பிரிவுபசார விழாவில் மாலை வாங்கியவர், திங்கட்கிழமை ஓய்வூதியமும் சம்பளமுமாக அதே நாற்காலியில் வந்து உட்காரக் கூடாது அல்லவா? காவல், தீயணைப்புப் பணிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றப் பதவிகளுக்கு அவசரத் தேவை இருந்தால் நகர மன்றம் விலக்கு அளிக்கலாம். ஆனால் அந்தத் தீர்மானத்தை, விவாதம் இல்லாமல் மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலில் செருகிவிட முடியாது. பொதுக் கூட்டத்தில் தனிப் பொருளாக வைத்துத்தான் ஒப்புதல் வாங்க வேண்டும்.

மணி நேர வரம்பைவிட இந்த விதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பக்கத்து நகரம் ஒன்றில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தலைமை இயக்குநருக்காக இப்படியொரு தீர்மானம் வந்தது. நிலையத்தின் வகைக்கு ஏற்ற தரச் சான்றிதழ் உள்ளவர்தான் அதற்குத் தலைமை தாங்கலாம். ஒன்று முதல் ஐந்து வரை தரங்கள் உண்டு. மேல்தரச் சான்றிதழ் உள்ளவர் நினைத்தவுடன் கிடைக்கமாட்டார். ஆகவே தேவை உண்மையானதுதான். ஆனாலும் ஓர் உறுப்பினர், "அவர் ஓய்வு பெறப்போவது உங்களுக்கு எப்போது தெரியும்?" என்று கேட்டபோது, அதிகாரி கையிலிருந்த தாள்களைப் புரட்டிக்கொண்டே இருந்தார். சபையில் அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது சட்டம்தான்.

என் பார்வையில் திரும்பி வருகிறவர் மேல் தவறில்லை. அவர் வந்துவிட்டார் என்ற தைரியத்தில் நிரந்தர நியமனத்தைக் கிடப்பில் போடுவதுதான் தவறு. அவருக்காக ஓய்வூதியப் பங்களிப்போ காப்பீட்டுத் தொகையோ கட்ட வேண்டியதில்லை என்பதால், நிர்வாகத்துக்கு அது சிக்கனமாகவும் தெரிகிறது. ஜனவரியில் வேலைக்கு எடுத்து ஜூன் வரை ஓட்டி, ஜூலையில் புதிய 960 மணி நேரத்தைத் தொடங்கும் கெட்டிக்காரர்களும் உண்டு. துறைத் தலைவர் போன்ற காலிப் பதவியில் இடைக்காலமாக அமர்த்துவதென்றால், புதியவரைத் தேடும் பணி நடந்துகொண்டிருக்க வேண்டும், ஒருவரை அப்பதவியில் ஒரு முறைதான் அமர்த்தலாம் என்று சட்டம் சொல்வது இதற்காகத்தான். கொரோனா வந்த 2020இல் ஆளுநர் நியூசம் இந்த மணி நேர வரம்பையும் காத்திருப்பையும் தளர்த்தினார். அது வேறு கதை.

இத்தனை கட்டுப்பாடுகளுக்குப் பிறகும் இவர்களை அழைப்பதற்கு நியாயம் இருக்கிறது. வரைபடத்தில் சாலையின் இடப்புறம் காட்டியிருக்கும் குழாய், எந்தக் காலத்திலோ பழுது பார்த்தபோது வலப்புறம் மாற்றப்பட்டது என்பது, அன்று குழிக்குள் இறங்கியவருக்குத்தான் தெரியும். அவர் மேன்ஹோல் மூடியைத் திறக்கச் சொல்லிக் காட்டும்போது, பக்கத்தில் நின்று வரைபடத்தைத் திருத்த ஓர் இளைஞர் இருந்தால், அழைத்ததற்குப் பயன் உண்டு. இல்லையென்றால் அடுத்த ஆண்டும் அவரையேதான் கூப்பிட வேண்டும்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். பணம் உனக்கு முக்கியமில்லை என்பது தெரியும். ஆகவே வேறு மூன்றைக் கேட்டு வாங்கு. காலவரம்பு ஆணையில் தெளிவாக இருக்கட்டும். ஓர் உதவிப் பொறியாளரை உன்னோடு இணைத்து, அவர் பெயரையும் அதிலேயே போடச் சொல். முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக்கில் யார் கையெழுத்திடுவது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்; அதிகாரம் தராமல் பொறுப்பை மட்டும் தலையில் கட்டிவிட்டால், நாளைக்குத் தணிக்கை வரும்போது பதில் சொல்ல வேண்டியவன் நீதான். இந்த மூன்றுக்கும் சம்மதித்தால் தாராளமாகப் போ.

ஆணை வந்ததும் ஒரு நகல் அனுப்பு. கையெழுத்திடும் முன் நானும் ஒரு முறை படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
ராமநாதன்