சிலை வைக்காத நான்காவது டவுன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அமெரிக்கக் கால்பந்தின் 'ஃபில்லி ஸ்பெஷல்' என்ற தந்திர ஆட்டத்தின் வீடியோவைப் பார்த்துவிட்டு, ஒரே ஒரு யார்டுக்காக ஃபிலடெல்ஃபியாக்காரர்கள் ஏன் இன்னும் கூத்தாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறாய். கூத்தாடட்டும், தப்பில்லை. ஆனால் அவர்கள் கொண்டாடும் காரணத்தில் எனக்குக் கொஞ்சம் சண்டை உண்டு.

2018 பிப்ரவரி 4, மினியாபொலிஸ், சூப்பர் பௌல் என்னும் இறுதிப் போட்டி. பேட்ரியட்ஸ் அணிக்கு எதிராக ஃபிலடெல்ஃபியாவின் ஈகிள்ஸ் 15-12 முன்னிலை. முதல் பாதி முடிய 38 விநாடி. நான்காவது டவுன், அதாவது பந்தை முன்னேற்றக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் கடைசி; தவறினால் பந்து எதிரணிக்கு. கோல் கோட்டுக்கு ஒரு யார்டு. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கும் ஃபீல்டு கோல் அடித்தால் 18-12. எதிரே பேட்ரியட்ஸின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டாம் பிரேடி, இரண்டாம் பாதியின் முதல் பந்தும் அவர்களுக்கே. ஆறு புள்ளி அவருக்கு ஒரு பொருட்டா? உதைக்காமல், பந்தைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோகும் டச்டவுனுக்கு முயன்று தோற்றாலும், பேட்ரியட்ஸ் தங்கள் கோட்டை ஒட்டி, அரை நிமிடத்தை மட்டும் வைத்துக்கொண்டு திணற வேண்டியதுதான். ஆக, முயன்றது வெறும் கணக்கு. எந்த ஆட்டத்தை வைத்து முயன்றார்கள் என்பதுதான் துணிச்சல்.

ஈகிள்ஸ் குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் ஷாட்கனில், அதாவது பந்தைப் பின்னால் தரும் சென்டரிலிருந்து தள்ளி நிற்கிறார். இது முக்கியம்: சென்டரை ஒட்டி நின்று கைக்குக் கை பந்து வாங்கும் குவார்ட்டர்பேக், என்எஃப்எல் (அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்) விதிப்படி பாஸ் பிடிக்கக் கூடாது. பிறகு ஏதோ சொல்லப் போகிறவர் மாதிரி முன்வரிசையின் வலது டேக்கிளுக்குப் பின்னால் நடந்து போய் நிற்கிறார். பந்து நேராக ஓட்டக்காரர் கோரி கிளெமென்ட்டுக்குப் போகிறது. அவர் இடப்பக்கம் ஓட, எதிரே வரும் டைட் எண்ட் ஆட்டக்காரர் டிரே பர்ட்டனிடம் பந்தைத் தட்டிவிடுகிறார். கல்லூரியில் குவார்ட்டர்பேக்காகவும் ஆடியிருந்த பர்ட்டன் வலப்பக்கம் ஓடியபடியே எறிகிறார். கோட்டுக்கு அப்பாலான எண்ட் ஜோனில் ஃபோல்ஸ் தனியாக; பிடித்தார், டச்டவுன்.

கெட்டுப்போக எத்தனை இடம் பார். ஃபோல்ஸ் அவசரப்பட்டுக் கிளம்பினால் தடுப்பாளன் விழித்துக்கொள்வான். தாமதித்தால் பர்ட்டன் சிக்கிக்கொள்வார். கிளெமென்ட் தட்டிவிட்ட பந்து தரையில் விழுந்தால் யாருக்கு வேண்டுமானாலும் சொந்தம். எல்லாம் சரியாக வந்தும் கடைசியில் கை வழுக்கலாம். அதே கால்மணியில் மூன்றாவது டவுனில் இதே மாதிரி வித்தையில் பேட்ரியட்ஸின் டேனி அமெண்டோலா எறிந்ததை பிரேடி கைநழுவ விட்டார். ஃபிலடெல்ஃபியா ரசிகர்களுக்கு அதுவே பாதி விருந்து.

பேட்ரியட்ஸ் ரசிகர்கள் பிடித்துக்கொள்வது வேறொன்றை. பந்து கிளம்பும் கோட்டில் ஆடும் அணியின் ஏழு பேராவது இருந்தாக வேண்டும். வலது ஓரத்தில் நின்ற ஆல்ஷன் ஜெஃப்ரி பின்தங்கியே நின்றார் என்கிறார்கள். நிறுத்திப் பார்த்தால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் நடுவரின் தவறுக் கொடி விழவில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் சண்டைக்கு வருகிறேன். கடைசிக் கால்மணி, ஈகிள்ஸ் 32-33 என்று பின்தங்கியிருக்கிறார்கள், ஐந்தரை நிமிடத்துக்குச் சற்று அதிகமாக மிச்சம். மறுபடி நான்காவது டவுன், ஒரு யார்டு. இந்த முறை சொந்தப் பாதியில், 45 யார்டு கோட்டில். இங்கே தவறினால் பிரேடிக்கு ஃபீல்டு கோல் எல்லை பத்துப் பதினைந்து யார்டில். பந்தைத் தொலைவுக்கு உதைத்து எதிரணிக்கே விட்டுக்கொடுக்கும் பண்ட் அடிப்பதுதான் அன்றைய வழக்கம். ஈகிள்ஸ் பயிற்சியாளர் டக் பீடர்சன் அதற்கு இணங்கவில்லை. ஃபோல்ஸ் குட்டையாக எறிந்த பந்தை ஸாக் எர்ட்ஸ் பிடித்தார், கிடைத்தது இரண்டே யார்டு. வித்தையில்லை, வேஷமில்லை. அந்த நகர்வு முடிந்தது எர்ட்ஸின் 11 யார்டு டச்டவுனில், 2:21 மிச்சமிருக்க. கடைசியில் ஈகிள்ஸ் வென்றது 41-33.

ஃபோல்ஸும் பீடர்சனும் 'ஃபில்லி ஸ்பெஷல்' பற்றிப் பேசிக்கொள்ளும் அந்தக் கணத்தை மைதானத்துக்கு வெளியே சிலையாகவே நிறுத்திவிட்டார்கள். எர்ட்ஸின் இரண்டு யார்டுக்கு யார் சிலை வைப்பார்கள்? முழு ஆட்டமும் கிடைத்தால் அந்த நான்காவது டவுனைப் பார்த்துவிட்டு எழுது. நீயாக இருந்தால் பண்ட் அடித்திருப்பாய் என்றுதான் என் ஊகம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி