பிக்கப் வண்டியில் குரூஸ் கண்ட்ரோல்: காருக்குச் சொன்னது போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமலேயே ஓட்டுநர் பதிந்து வைத்த வேகத்தில் வண்டியை ஓட்டும் குரூஸ் கண்ட்ரோல் குறித்து அண்மையில் வெளிவந்த கட்டுரை, நெடும்பயணத்தில் வலது காலுக்கு ஓய்வு கிடைப்பதையும் சீரான வேகத்தால் எரிபொருள் ஓரளவு மிச்சமாவதையும் சரியாகவே எடுத்துரைத்தது. ஆனால் அதில் கூறப்பட்டவை அனைத்தும் காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பிக்கப் வண்டிகளுக்கும் இவை அப்படியே பொருந்தும் என்று கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டதை, மஸ்கட்டில் பிக்கப் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

சாதாரண குரூஸ் கண்ட்ரோலுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சக்கரங்களோ கியர்பாக்ஸின் வெளித்தண்டோ எவ்வளவு வேகமாகச் சுழல்கின்றன என்பது. ஓட்டுநர் பதிந்து வைத்த வேகத்தைவிட அது குறைந்தால் எஞ்சினுக்குக் கூடுதல் விசை கொடுக்கும், மிகுந்தால் குறைக்கும். பழைய வண்டிகளில் வெற்றிடத்தால் இயங்கும் ஒரு கருவி ஆக்சிலரேட்டர் கேபிளை இழுத்து இதைச் செய்தது. இப்போது எஞ்சின் கணினியே செய்துவிடுகிறது. ஐந்து வயதில் பார்வையை இழந்த ரால்ஃப் டீட்டர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1950இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். 1958இல் கிரைஸ்லர் கார்களில் இது விற்பனைக்கு வந்தது. அன்று முதல் இதன் அடிப்படை பெரிதாக மாறவில்லை. வண்டியின் எடை, டயரின் அளவு, சாலையின் பிடிப்பு ஆகியவை ஏறத்தாழ மாறாதவை என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு ஒழுங்காக இயங்குகிறது. காரைப் பொறுத்தவரை அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. பிக்கப்பில் மூன்றுமே மாறும்.

முதலில் எடையை எடுத்துக்கொள்வோம். இரண்டு டன் எடையுள்ள ஒரு பிக்கப், காலையில் காலியாகப் புறப்பட்டு மாலையில் ஒரு டன் சரக்கோடு திரும்புவது இங்கே அன்றாட நடப்பு. சரக்கோடு மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்த பின்னரே குரூஸ் கண்ட்ரோல் விழித்துக்கொள்ளும். எதிரே மேடு வருகிறது என்பது அதற்குத் தெரியாது. குறைந்ததை ஈடுகட்ட அது விசையைக் கூட்ட, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஒரு கியர் கீழே இறங்கி எஞ்சின் அலறும். வேகம் மீண்டதும் கியர் மேலே ஏறும். மேடு முடியாததால் வேகம் மறுபடியும் விழும். இப்படி மேட்டின் உச்சி வரை கியர் மேலும் கீழுமாக அலைவதைப் பழுது என்று எண்ணிப் பணிமனைக்கு வருவோர் பலர். அது பழுதன்று. இழுவைக்கான கியர் முறை வண்டியில் இருந்தால் அதைப் போட வேண்டும். இல்லையேல் அந்த மேட்டுக்கு மட்டும் குரூஸை விட்டுவிட்டுக் காலால் ஓட்ட வேண்டும். கையால் கியர் மாற்றும் வண்டியிலோ, ஐந்தாம் கியரிலேயே திணறிக்கொண்டு ஏறி, பதிந்த வேகத்தைவிட வெகுவாகக் கீழே விழுந்ததும் குரூஸ் தானாகவே அணைந்துபோவதும் உண்டு.

இறக்கம் இதைவிடக் கவலைக்குரியது. மஸ்கட்டிலிருந்து நிஸ்வா, ஆதம், ஹைமா வழியாக ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் சென்று சலாலாவை அடையும் சாலை, பெரும்பகுதி மேடு பள்ளமற்ற பாலை வழி. குரூஸ் கண்ட்ரோலுக்கு அதைவிடப் பொருத்தமான சாலை அமைவது அரிது. ஆனால் துமரைத்தைக் கடந்து, மலையிலிருந்து சலாலா சமவெளிக்கு இறங்கும் கடைசிப் பகுதியில், அதுவரை நம்பிக்கைக்குரியதாக இருந்த அதே பொத்தான் ஆபத்தாகிவிடுகிறது. பழைய வகைக் குரூஸ் விசையை முழுவதும் குறைக்க மட்டுமே வல்லது. அதற்குப் பிரேக் பிடிக்கத் தெரியாது. ஒரு டன் சரக்கு பின்னாலிருந்து தள்ளும்போது, பதிந்த வேகத்தை வண்டி தாண்டிச் செல்வதைத் தடுக்க அதனிடம் வழியில்லை. புதிய வண்டிகள் சிலவற்றில் கியரைத் தானாக இறக்கியும் பிரேக்கைத் தானாகப் பிடித்தும் வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள் என்பது உண்மைதான். தம் வண்டி எந்த வகை என்பதை ஓட்டுநர் மலைச்சரிவில் கண்டறியக் கூடாது.

அதே சாலையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை இன்னொரு சிக்கலும் சேர்கிறது. கரீஃப் எனப்படும் அந்தப் பருவத்தில் சலாலாவையொட்டிய தோஃபார் மலைகளில் மூடுபனியும் தூறலுமாக இருக்கும். சுமையற்ற பிக்கப்பின் எடை பெரும்பாலும் முன்சக்கரங்கள் மேல் இருக்க, வண்டியைத் தள்ளுவதோ சுமைக்கென்று விறைப்பான பட்டை வில்கள் (லீஃப் ஸ்பிரிங்) பொருத்தப்பட்ட, அப்போது குறைந்த எடையையே தாங்கும் பின்சக்கரங்கள். ஈரத்தில் பின்சக்கரம் வழுக்கும்போது, காலால் ஓட்டுபவர் தம்மையறியாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார். குரூஸ் கண்ட்ரோல் அப்படிச் செய்யாது. அது தொடர்ந்து விசையை அனுப்பிக்கொண்டே இருக்கும். வழுக்கலை உணர்ந்து குரூஸை விடுவிக்கும் மின்னணு ஏற்பாடு இப்போதைய வண்டிகளில் இருக்கிறது. எனினும் இங்கே இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய பிக்கப்களில் அது கிடையாது. காற்று அள்ளிக்கொண்டு வந்து சாலையில் பரப்பும் மணலுக்கும் இது பொருந்தும்.

டயர் விஷயத்தில் குற்றம் முழுவதும் உரிமையாளருடையது. வண்டி உயரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பெரிய டயர் போடும் வழக்கம் வளைகுடாவில் பரவலாக உள்ளது. 265/65 ஆர் 17 அளவுள்ள டயரின் குறுக்களவு ஏறத்தாழ 776 மில்லிமீட்டர். அதை அகற்றிவிட்டு 285/70 ஆர் 17 போட்டால் குறுக்களவு 831 மில்லிமீட்டராகிறது. வேறுபாடு 7 சதவீதம். அதாவது, கணினியை அதற்கேற்பத் திருத்தாவிட்டால், 120 கிலோமீட்டர் வேகம் என்று கருதிக் குரூஸ் ஓட்டும் வண்டி, முன்பு அதே எண்ணில் ஓடியதைவிட மணிக்கு எட்டுக் கிலோமீட்டருக்கும் மேல் கூடுதலாக ஓடும். ஸ்பீடோமீட்டர்கள் பொதுவாகச் சற்றுக் கூட்டியே காட்டுவதால் இந்த வேறுபாடு ஓரளவு மறைந்துகொள்கிறது. மீதி, சாலையோர வேகக் கேமராவில் பதிவாகிறது. வளைகுடாவுக்கான வண்டிகளில் 120ஐத் தாண்டியதும் ஒலிக்கும் எச்சரிக்கை மணியும் உதவாது. அதுவும் இதே தவறான கணக்கை நம்பியே ஒலிக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த விநோதம் பிரேக் லைட்டைப் பற்றியது. 1990களின் அமெரிக்க பிக்கப்கள் சிலவற்றில், குரூஸ் கண்ட்ரோலின் மின்சுற்று பிரேக் லைட் பல்பின் இழை வழியாகவே முழுமையடையும்படி அமைத்திருந்தார்கள். பல்புகள் எல்லாம் எரிந்துபோனாலோ, அவற்றை அகற்றிவிட்டு எல்இடி விளக்குகளைப் பொருத்தினாலோ குரூஸ் இயங்க மறுத்துவிடும். பளிச்சென்ற புது விளக்குகளைப் போட்டுக்கொண்டு, மறுவாரமே குரூஸ் கெட்டுவிட்டது என்று வந்து நிற்கும் வாடிக்கையாளர்களிடம் இதை விளக்குவது எளிதன்று. இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று ஐயத்தோடுதான் பார்ப்பார்கள். எல்இடி விளக்கில் இழை இல்லாததால் கருவி எதிர்பார்க்கும் மின்பாதை அதற்குக் கிடைப்பதில்லை. தக்க மின்தடை ஒன்றை இணைத்ததும் குரூஸ் உயிர்பெற்றுவிடும். ட்ரெய்லருக்காக இழுக்கப்பட்ட வயர்களில் ஏற்படும் கோளாறும் இதே விளைவைத் தருவதுண்டு. ஆகவே குரூஸ் இயங்கவில்லை என்று எந்த பிக்கப் வந்தாலும், கோளாறு கண்டறியும் கணினியை இணைப்பதற்கு முன் வண்டியின் பின்னால் ஒருவரை நிறுத்திப் பிரேக்கை மிதித்துப் பார்க்க வேண்டும். இந்த ஏற்பாட்டைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரேக் பிடித்தது பின்னால் வருபவருக்குத் தெரியாத ஒரு வண்டியில், ஓட்டுநருக்குச் சொகுசு வேண்டாம் என்று அது மறுப்பது நியாயமே.

பிரேக்கோடு இணைந்த எல்லா ஏற்பாடுகளும் இவ்வாறு நன்மையாகவே முடிந்துவிடவில்லை. ஃபோர்டு நிறுவனம் எஃப்-150 பிக்கப் உள்ளிட்ட பல வண்டிகளில், பிரேக்கை அழுத்தியதும் குரூஸை விடுவிக்கும் ஒரு சுவிட்சைப் பிரேக் ஆயில் செல்லும் பகுதியிலேயே பொருத்தியிருந்தது. மெல்லிய சவ்வு ஒன்றின் ஒருபுறம் ஆயில், மறுபுறம் எப்போதும் மின்சாரம். சவ்வு கிழிந்து ஆயில் கசிந்தபோது, எஞ்சின் அணைக்கப்பட்டு வீட்டு வாசலில் நின்ற வண்டிகளும் தீப்பிடித்தன. 1999 முதல் 2009 வரை பல தவணைகளில் 1.4 கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளை அந்நிறுவனம் இதற்காகத் திரும்ப அழைத்தது. 2018 மே மாதத்தில் ஃபியட் கிரைஸ்லர் நிறுவனமும், ராம் பிக்கப்கள் உட்பட ஏறத்தாழ 48 லட்சம் வண்டிகளை அமெரிக்காவில் திரும்ப அழைத்தது. மின்கோளாறு ஒன்றால் குரூஸை அணைக்க முடியாமல் போகலாம் என்பதே காரணம். அப்போது கூறப்பட்ட அறிவுரை எல்லா வண்டிக்கும் பொருந்தும்: பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரேயடியாக உறுதியாக அழுத்த வேண்டும், கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும்.

இவற்றைத் தமிழ்நாட்டு வாசகர்களுக்கு எழுதக் காரணம் உண்டு. சென்னையை அடுத்து, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் 2016 முதல் தயாராகும் ஐசுஸு வி-கிராஸ், 2022இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியவற்றைச் சொந்த உபயோகத்துக்கு வாங்குவோரை ஊருக்கு வரும்போதெல்லாம் காண்கிறேன். பெரிய டயர், முன்பக்க இரும்புக் கம்பித் தடுப்பு, கூடுதல் விளக்கு என்று இங்கே நடக்கும் மாற்றங்கள் அங்கேயும் நடக்கின்றன. முன்னால் செல்லும் வண்டியை ரேடார் மூலம் கண்டு வேகத்தைக் குறைக்கும் புதுவகைக் குரூஸ் உள்ள பிக்கப்பில், அந்தக் கம்பித் தடுப்பு ரேடாரின் பார்வையையே மறைத்துவிடக்கூடும் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

நம் நெடுஞ்சாலைகளில் எதிர்த்திசையில் வரும் இருசக்கர வண்டியும் நடுத்திட்டின் இடைவெளியில் திடீரெனத் திரும்பும் டிராக்டரும் இருக்கும்வரை குரூஸ் கண்ட்ரோலுக்கு வேலை குறைவுதான். பயன்படுத்துவோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஊருக்குள் வேகத்தைக் குறைத்துச் சென்ற பின், பழைய வேகத்தை மீட்கும் பொத்தானை அழுத்தினால், முன்பு பதிந்த 100ஐ எட்டும் வரை வண்டி பாயும்; ஊர் எல்லை முடிந்ததா என்று அது கேட்பதில்லை. ஊர் நெருங்கும்போது குரூஸின் பிரதான சுவிட்சையே அணைத்துவிட்டால், பெரும்பாலான வண்டிகளில் அந்த நினைவு அழிந்துவிடும்.

தங்கள் வாகனப் பக்கத்தில் இனி பிக்கப்களைப் பற்றி எழுதும்போது, சுமையோடும் சுமையின்றியும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்து எழுதுமாறும், டயர் மாற்றும் கடைக்காரர்கள் ஸ்பீடோமீட்டர் வேறுபாட்டை ரசீதிலேயே குறித்துத் தர வேண்டும் என்ற கோரிக்கையை வெளியிடுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்,
மஸ்கட், ஓமன்