ஹோல்டு போட்ட லாட்டை ராத்திரியோட ராத்திரியா ஏத்தி விடாதீங்க சார்

ஸ்ரீசிட்டி, தடா, கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இருக்கற கம்பெனிங்கள்ல பிளாண்ட் ஹெட்டா, புரொடக்சன் மேனேஜரா, டிஸ்பாட்ச் இன்சார்ஜா இருக்கற சார்ங்க, மேடம்ங்க எல்லாருக்கும் வணக்கம்.

நான் ஆரம்பாக்கம் பக்கத்துல இருந்து பார்டர் தாண்டி வேலைக்கு போறவ. ஃபைனல் இன்ஸ்பெக்சன் டேபிள். வண்டிக்கு போற பிளாஸ்டிக் பார்ட்ஸ் மோல்டிங் மிசின்ல இருந்து வரும், அதை லைட்டுக்கு கீழ திருப்பி திருப்பி பாத்து ஓகே டிரேல வெக்கறதா ரெட் பின்ல போடறதானு முடிவு பண்ற வேலை. எந்த கம்பெனினு சொல்ல மாட்டேன், சொல்லி ஒரு பிரயோஜனமும் இல்ல, ஏன்னா தடா ஸ்டாப்புல நிக்கறப்ப வேற கம்பெனி பொண்ணுங்க கிட்ட பேசினா அவங்க சொல்றதும் இதே கதைதான், அங்க காஸ்டிங்கு இங்க பிளாஸ்டிக்கு, அவ்ளோதான் வித்தியாசம்.

விசயம் ஒண்ணே ஒண்ணு. நாங்க ஹோல்டு போட்ட லாட்டு, அதாவது டிஃபெக்ட் இருக்கு, போக கூடாதுன்னு நிறுத்தி வெச்ச பீஸுங்க, காலைல வந்து பாத்தா இருக்கறதில்ல.

மஞ்ச டேக் கட்டி, என்ன டிஃபெக்ட், எந்த மிசின், மோல்டுல எந்த கேவிட்டி (பீஸ் உருவாகற குழி), எத்தனை மணிக்கு பாத்ததுனு எழுதி, ஹோல்டு கூண்டுக்குள்ள தள்ளிட்டு செகண்ட் ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு போறோம். மறுநாள் வந்தா கூண்டு காலி. கேட்டா 'அது கிளியர் ஆயிடுச்சும்மா'ங்கறாங்க. யாரு கிளியர் பண்ணாங்க, எதை பாத்து பண்ணாங்க, ரிவொர்க் பண்ணீங்களா, கஸ்டமர் கிட்ட டீவியேசன், அதான் 'இப்படியே அனுப்பலாம்'ங்கற அனுமதி, வாங்கினீங்களா, ஒண்ணுக்கும் பதில் இருக்காது. மாசத்தோட கடைசி மூணு நாலு நாள் இது ரொம்ப ஜாஸ்தி. கண்ணு முன்னாடியே நடக்கறதும் உண்டு, டேக்கை கையில எடுத்துக்கிட்டே சூப்பர்வைசர் 'ஏம் காதம்மா, பம்பிஞ்சேய்'னு சொல்லிட்டு போயிடுவாரு. அதே ஆளு தமிழா இருந்தா 'ஒண்ணும் ஆகாது, அனுப்பிடு'. இதுல ஆந்திரா தமிழ்நாடுலாம் பாகுபாடே கிடையாது, நல்ல ஒத்துமை.

உங்க கஷ்டம் எங்களுக்கு தெரியாம இல்ல சார். ஒரகடம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்கற கஸ்டமர் ஸ்டாக்கே வெச்சுக்க மாட்டான், இன்னைக்கு ஓடறதுக்கு இன்னைக்குதான் லாரி போகணும், லேட் ஆனா அங்க லைன் நிக்கும், லைன் நின்னா அதுக்கு ஒரு பெனால்டி, ஃபோன் மேல ஃபோன் வரும், நீங்க எங்க மேல கத்தறதுக்கு முன்னாடி உங்க மேல யாரோ கத்தியிருப்பாங்க. புரியுது. ஆனா அந்த லாரில ஏறினது அங்க போய் திரும்பி வர்றப்ப என்ன ஆகுதுன்னு நீங்க சேர்த்து யோசிக்கறதில்ல, ஏன்னா அந்த பில்லு அடுத்த மாச கணக்குல வருது.

திரும்பி வர்றப்ப நடக்கறதை சொல்றேன். கஸ்டமர் லைன்ல பார்ட் ஃபிட் ஆகலைனு கம்ப்ளெய்ன்ட் வரும். உடனே ஒரு வேன்ல எங்களை ஏத்தி கஸ்டமர் குடோனுக்கு அனுப்புவீங்க, அங்க பாக்ஸ் பாக்ஸா பிரிச்சு ஒவ்வொண்ணா பாத்து ஓகே பீஸ்ல மார்க்கர்ல புள்ளி வெச்சு மறுபடி பேக் பண்ணணும், அங்க உக்கார சேர் இருக்காது, லைட் இருக்காது, அவங்க ஆளுங்க பாக்கற பார்வை தனி. அது முடிஞ்சதும் 8டி ரிப்போர்ட், தப்பு ஏன் நடந்துச்சு, எப்படி சரி பண்ணோம்னு கஸ்டமருக்கு எழுதி குடுக்கறது. அதுல ரூட் காஸ்னு ஒரு கட்டம் இருக்கே, அங்க என்ன எழுதறீங்க? 'இன்ஸ்பெக்டர் கவனக்குறைவு'. கரெக்டிவ் ஆக்சன்? 'இன்ஸ்பெக்டருக்கு அவேர்னெஸ் டிரெய்னிங் குடுக்கப்பட்டது'. அதுக்கு எங்களை நிக்க வெச்சு ஃபோட்டோ எடுத்து, ஷீட்ல கையெழுத்து வாங்கி அட்டாச் பண்ணிடறீங்க. நான் ஹோல்டு போட்ட லாட்டுக்கு நானே டிரெய்னிங் எடுத்துக்கணும், இதை விட காமெடி வேற என்ன இருக்கு சொல்லுங்க.

ரூட் காஸ் எங்க இருக்குன்னு மோல்டிங்ல வேலை பாக்கற எல்லாருக்கும் தெரியும். பீஸ் மேல வெள்ளி கோடு மாதிரி சில்வர் வருதுன்னா மெட்டீரியல்ல ஈரம். ஏபிஎஸ் மாதிரி பிளாஸ்டிக் மெட்டீரியலை 80 டிகிரில ரெண்டுல இருந்து நாலு மணி நேரமாவது காய வெக்கணும், டிரையரை ஆன் பண்ணி அரை மணில ஹாப்பர்ல கொட்டினா சில்வர் வராம வேற என்ன வரும், அதுவும் புலிக்காட்டு ஏரி காத்து அடிக்கற ஊருல மழைக்காலத்துல. ஃபிளாஷ், அதாவது ஓரத்துல பிதுங்கின பிளாஸ்டிக், வருதுன்னா மோல்டோட ரெண்டு பாதியும் சேர்ற பார்ட்டிங் லைன் தேஞ்சிருக்கும், இல்ல மோல்டை அழுத்தி மூடற கிளாம்ப் டன்னேஜ் பத்தல. பீஸ் முழுசா நிரம்பாத ஷார்ட் மோல்டுனா காத்து வெளிய போற வென்ட் அடைச்சிருக்கானு பாக்கணும். இதெல்லாம் என் டேபிளுக்கு வர்றதுக்கு முன்னாடியே நடந்து முடிஞ்சது சார். நான் பாக்கறப்ப அது பிறந்து வளந்து வந்து நிக்குது. டூல் மெயின்டெனன்ஸை தள்ளி போட்டது யாருன்னு அந்த கட்டத்துல ஒரு தடவையாவது எழுதியிருக்கீங்களா?

அடுத்து, இந்த சாம்பிளிங் கூத்து. இதை கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா இதுல தப்பு நடக்குதுன்னே பல பேருக்கு தெரியாது. ஒரு லாட்டுல எத்தனை பீஸ் எடுத்து பாக்கணும்னு சொல்ற ஐஎஸ் 2500 டேபிளை சுவத்துல ஒட்டி வெச்சிருக்கீங்க. லாட்டு 1201ல இருந்து 3200 பீஸுக்குள்ள இருந்தா, நார்மல் லெவல் 2ல, 125 பீஸ் எடுத்து பாக்கணும். ஏக்யூஎல், அதாவது ஒத்துக்கற டிஃபெக்ட் அளவு, நூத்துக்கு 1.0னா 3 டிஃபெக்ட் வரைக்கும் லாட்டு பாஸ், 4 வந்தா ரிஜெக்ட். ரூல் அவ்ளோதான். இப்ப நான் 125 பாத்து 5 டிஃபெக்ட்னு சொல்றேன். உடனே என்ன சொல்றீங்க? 'வேற பாக்ஸ்ல இருந்து இன்னொரு 125 எடும்மா'. அதுலயும் தேறலைனா இன்னொரு 125. ஏதாவது ஒரு தடவை 3 வந்துடும், அந்த ஷீட்டை மட்டும் ஃபைல்ல வெச்சுட்டு மத்ததை கிழிச்சு போட்டுடுவாங்க. லாட்டுல நிஜமாவே நூத்துக்கு 4 பீஸ் மோசம்னு வெச்சுக்குவோம், அப்பவும் ஒரு 125ல மூணோ அதுக்கு கம்மியாவோ சிக்கறதுக்கு சுமாரா நாலுல ஒரு சான்ஸ் இருக்கு. மூணு தடவை எடுத்தீங்கன்னா பாஸ் ஆகற சான்ஸ் பாதிக்கு மேல போயிடும். இது பரிசோதனையே இல்ல சார், தாயக்கட்டை உருட்டறது, தாயம் விழற வரைக்கும்.

'அப்ப நூறு சதவீதம் செக் பண்ணிடுங்க, ஒண்ணும் தப்பாது'னு அடுத்த யோசனை வரும். மனுச கண்ணு அப்படி வேலை செய்யாது. டிப்ளமோ முடிச்சவ நான், கொஞ்சம் தேடி படிக்கற பழக்கம் உண்டு, அதனால சொல்றேன். 1948லயே மாக்வர்த்னு ஒரு இங்கிலாந்து ஆராய்ச்சியாளர், ரேடார் பாக்கற ஏர்ஃபோர்ஸ் ஆளுங்களுக்காக ஒரு கடிகார முள்ளு டெஸ்ட் வெச்சு பாத்தாரு, முதல் அரை மணி நேரத்துக்குள்ளயே கவனம் நல்லா இறங்கிடுது. 2005ல ஜெரமி வுல்ஃபும் அவர் கூட இருந்தவங்களும் ஏர்போர்ட் லக்கேஜ் செக்கிங் மாதிரி படங்களை வெச்சு பண்ண டெஸ்ட் இன்னும் முக்கியம். தேடற பொருள் பாதிக்கு பாதி படத்துல இருக்கறப்ப ஆளுங்க 7 சதவீதம்தான் கோட்டை விட்டாங்க, அதையே நூத்துக்கு ஒரு படத்துல மட்டும் வெச்சா 30 சதவீதம் கோட்டை. அதாவது டிஃபெக்ட் எவ்ளோ அரிதா வருதோ அவ்ளோ ஈசியா கண்ணு தப்பிடுது, சோம்பேறித்தனம் இல்ல, கண்ணும் மூளையும் அப்படி. நீங்க என்னடான்னா எட்டு மணி நேரம் ஒரே சீட்ல ஒரே பார்ட், நடுவுல ஒரு டீ பிரேக். அரை மணிக்கு ஒரு தடவை பேக்கிங் பொண்ணையும் என்னையும் மாத்தி விட்டா செலவு ஒரு பைசா கிடையாது. பளபளப்பா இருக்கற கருப்பு பீஸ்ல ஸ்கிராட்ச் பாக்கணும்னா ஆயிரம் லக்ஸ் பக்கத்துல வெளிச்சம் வேணும், கை திருப்பற ஆங்கிளுக்கு சரியா லைட் விழணும், எங்க டேபிள்ல பாதி டியூப் லைட் மினுக்கிட்டு இருக்கு. கண் டெஸ்ட் பண்ண சொன்னா கேம்ப் வெச்சு சுகரும் பிரசரும் பாத்து அனுப்பறாங்க.

சரி, ஹோல்டுக்கு வர்றேன். ரிசப்சன்ல ஃபிரேம் போட்டு மாட்டி வெச்சிருக்கீங்களே வண்டி பார்ட்ஸ் செய்யற கம்பெனிங்களுக்கான ஐஏடிஎஃப் 16949 குவாலிட்டி சர்டிஃபிகேட், அந்த ஸ்டாண்டர்ட்ல 5.3.2ல என்ன இருக்குன்னு ஒரு தடவை எடுத்து படிங்க. தயாரிப்பு சரியா இருக்கானு பாக்கற பொறுப்புல இருக்கறவங்களுக்கு டிஸ்பாட்சை நிறுத்தவும், தேவைப்பட்டா உற்பத்தியையே நிறுத்தவும் அதிகாரம் இருக்கணும்னு இருக்கு. எல்லா ஷிஃப்ட்லயும் அப்படி பொறுப்புள்ள ஆள் இருக்கணும்னும் இருக்கு. தப்பான பீஸை கஸ்டமரோட அனுமதி இல்லாம அப்படியே அனுப்ப கூடாதுன்னு 8.7ல இருக்கு. இது நான் கேக்கற சலுகை இல்ல, நீங்களே கையெழுத்து போட்டு ஒத்துக்கிட்டது. ஆடிட்டுக்கு முந்தின நாள் எங்களை உக்கார வெச்சு 'உங்களால டிஸ்பாட்சை நிறுத்த முடியுமானு கேட்டா எஸ் சார்னு சொல்லணும்'னு சொல்லி குடுக்கறீங்க. நாங்களும் சொல்றோம். ஆடிட்டர் போன அன்னைக்கு ராத்திரியே கூண்டு திறக்குது. நைட் ஷிஃப்ட்ல குவாலிட்டி இன்ஜினியர் யாருமே இல்லாத பிளாண்ட் இங்க இருக்கு, ஒரு டிரெய்னி பொண்ணு இருப்பா, அவ யாரை நிறுத்துவா? கான்ட்ராக்ட்ல இருக்கறவ பர்மனென்ட் சூப்பர்வைசரை எதுத்து ஒரு வார்த்தை சொன்னா மறுநாள் பேக்கிங்ல நிப்பா, அதுக்கு மறுநாள் கான்ட்ராக்டர் ஃபோன் பண்ணி 'இனிமே வர வேணாம்மா'ம்பாரு.

'சின்ன பார்ட்டுக்கு இவ்ளோ பேச்சா'னு தோணலாம். ஸ்ரீசிட்டில ஜப்பான் கம்பெனிங்க கூட வேலை பாக்கற உங்களுக்கு 2017ல அந்த நாட்டுல நடந்தது தெரியாம இருக்காது. நிசான் பிளாண்ட்ல தகுதி சர்டிஃபிகேட் இல்லாதவங்க ஃபைனல் செக் பண்ணி, தகுதி உள்ளவங்க சீலை அதுல அடிச்சிருந்தாங்க, சுமார் 12 லட்சம் காரை திரும்ப கூப்பிட வேண்டியதாச்சு. அதே வருசம் கோபே ஸ்டீல், அலுமினியம் காப்பர் பார்ட்ஸோட டெஸ்ட் டேட்டாவை மாத்தி எழுதினது வெளிய வந்துச்சு. ரெண்டுலயும் மிசின் ஓடிட்டுதான் இருந்துச்சு, டெஸ்ட் எல்லாம் பேப்பர்ல பாஸ். ஒரு இடத்துல பாக்க வேண்டியவங்க சீலை எடுத்து வேற யாரோ அடிச்சாங்க, இன்னொரு இடத்துல டேட்டாவையே மாத்தினாங்க, அங்க பிரச்சனை அதுதான். எங்க ஷீட்ல என் பேரை போட்டு வேற ஒருத்தர் ஓகே டிக் பண்றதை நான் பாத்திருக்கேன், அதனாலதான் அந்த செய்தியை படிச்சப்ப எனக்கு ஆச்சரியமே வரல.

கேமரா வெக்க போறோம், இனி ஆளே வேணாம்னு சில பேர் சொல்றாங்க. வெய்ங்க, எங்க கண்ணுக்கு நல்லதுதான். ஆனா எது டிஃபெக்ட், எது ஓகேனு அந்த கேமராவுக்கு சாம்பிள் பீஸ் பிரிச்சு குடுக்கறதும் எங்க மாதிரி ஆளுங்கதான், அப்புறம் மாசக்கடைசில அந்த கேமராவோட லிமிட்டை கொஞ்சம் தளர்த்தி விட ஒரு பாஸ்வேர்டு போதும். டேக்கை கிழிக்கறவர் கைக்கு அது ரொம்ப தூரம் இல்ல.

கேக்கறது பெருசா ஒண்ணும் இல்ல. ஹோல்டு கூண்டு சாவி குவாலிட்டி கிட்ட மட்டும் இருக்கணும். திறக்கறவர் பேரு, நேரம், காரணம் எழுதி கையெழுத்து போட்டுட்டு திறக்கணும், டிஸ்பாட்ச் சார் திறந்தா டிஸ்பாட்ச் சார் பேருலயே இருக்கட்டும், அப்புறம் 8டில என் பேரு வராது. குவாலிட்டி ஹெட் புரொடக்சன் ஹெட்டுக்கு கீழ ரிப்போர்ட் பண்ற அமைப்பை மாத்துங்க, தன்னோட அப்ரைசல் போடறவர் லாட்டை எந்த மனுசன் நிறுத்துவான்? ரிஜெக்ட் ஆன சாம்பிள் ஷீட்டும் ஃபைல்ல இருக்கணும், கிழிக்க கூடாது. நைட் ஷிஃப்ட்ல முடிவு எடுக்கற அளவுக்கு ஒரு குவாலிட்டி ஆளை போடுங்க, முடியலைனா ராத்திரி கூப்பிட்டா எடுக்கற ஒரு ஃபோன் நம்பரையாவது கூண்டு கதவுல தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூணுலயும் எழுதி ஒட்டுங்க.

அதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த மாசம் முடியற வாரத்துல ஒரு ராத்திரி யாருக்கும் சொல்லாம நீங்களே ஷாப் ஃபுளோருக்கு வந்து, அந்த சாவி யாரு கையில இருக்குன்னு பாருங்க. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டற தம்பி பாக்கெட்ல இருந்துச்சுன்னா அவனை திட்டாதீங்க சார், அவனுக்கு குடுத்தது யாருன்னு மட்டும் கேளுங்க.

இப்படிக்கு,
ஆரம்பாக்கம் பக்கத்துல இருந்து வர்ற ஒரு ஃபைனல் இன்ஸ்பெக்சன் பொண்ணு