ரிசல்ட் வந்துருச்சு, நன்றி சொல்லணும்ல

எல்லாருக்கும் வணக்கம். டிப்ளமோ பாஸாயிட்டேன், சின்னப் பிள்ளைங்களுக்கான ஸ்பெஷல் எஜுகேஷன், அதாவது மாற்றுத்திறனாளிப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்குற படிப்பு. 38 வயசுல பரீட்சை எழுதப் போனா வாட்ச்மேன் அண்ணன் "பிள்ளையை விட்டுட்டு வெளிய நில்லும்மா"ங்குறாரு, அவருக்கும் நன்றி, அவ்ளோ டென்ஷன்லயும் சிரிச்சிட்டேன்.

எங்க அக்கா பையனை முட்டுக்காடு நிப்மெட்டுக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம்) கூட்டிட்டுப் போய் காத்திருந்தப்ப தான் இப்படி ஒரு படிப்பு இருக்குன்னே தெரியும். பக்கத்துல உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "ஆர்சிஐ அப்ரூவல் இருக்கான்னு பாத்துட்டு சேரு"ன்னு அன்னைக்கே சொன்னாங்க (ஆர்சிஐன்னா இந்தப் படிப்புக்கெல்லாம் அனுமதி கொடுக்குற மத்திய அரசு கவுன்சில்), நான் தான் காதுல வாங்காம வேற ஒரு இடத்துல 5,000 அட்வான்ஸ் கட்டி கோட்டை விட்டேன், அங்க அப்ரூவலே கிடையாது. பேரு வேணாம் விடுங்க. 1992 சட்டப்படி ஆர்சிஐ ரெஜிஸ்டர்ல பேரு இல்லாம இந்த வேலை பாக்க முடியாது, சேரப் போறவங்க மொதல்ல அதைப் பாருங்க.

அடுத்து எங்க சென்டர் சீனியர் அக்கா. ப்ராக்டிகல்ல மொத வாரம் நான் ஓடி ஓடி எல்லாப் பிள்ளைக்கும் சட்டை மாட்டி, செருப்பு மாட்டி, ஊட்டி விட்டு, பெரிய ஆளு மாதிரி நின்னேன். அக்கா வந்து, "ஏன்டி, சட்டை போட நீ கத்துக்கவா வந்த?"ன்னாங்க. சுருக்குன்னுச்சு. அப்புறம் தான் காட்டிக் கொடுத்தாங்க. டீ-ஷர்ட்டை தலை வழியா நாம மாட்டி, ரெண்டு கையையும் நாம நுழைச்சு, வயித்துக்கு மேல இழுத்து விடுற அந்தக் கடைசி ஒரு இழுப்பை மட்டும் பிள்ளைகிட்ட விடணும். அது வந்ததும் அதுக்கு முந்தின ஸ்டெப். பின்னாடி இருந்து முன்னாடி வரணும், ஏன்னா "முடிச்சிட்டேன்"ங்குற சந்தோஷம் மொத நாளே பிள்ளைக்குக் கிடைக்கணும்ல. நாலு வயசுப் பையன் ஒருத்தன், மொத நாள் அவன் கை மேல என் கை, அப்புறம் முழங்கையை லேசாத் தொடுறது, அப்புறம் சும்மா விரலை நீட்டிக் காட்டுறது. மூணாவது வாரம் நான் கையை பின்னாடி கட்டிக்கிட்டு மனசுக்குள்ள எண்ணிட்டே நிக்குறேன், உதவி பண்ணாம நிக்குறது எவ்ளோ கஷ்டம்னு அன்னைக்கு தான் தெரிஞ்சது, ஒம்போது எண்ணுறப்ப சர்ருன்னு இழுத்து விட்டுட்டு தொப்பையை தட்டிக் காமிச்சான். அவனுக்கும், என்னை நம்பி விட்ட அவங்க அம்மாவுக்கும் பெரிய நன்றி.

வீட்ல எங்க அத்தை. அஞ்சாம் கிளாஸ் தான், ஆனா ராத்திரி பாத்திரம் கழுவுற நேரம் நோட்டைப் பிடிச்சுக்கிட்டு என்னை ஒப்பிக்க வைப்பாங்க. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல ஊனம் 7 வகை தான் இருந்துச்சு, 2016 புதுச் சட்டத்துல 21 ஆயிடுச்சு, நமக்குத் தானே கஷ்டம். அந்த 21ல ஒண்ணு தலசீமியாங்குற ரத்த நோய், அத்தை அதை "தலைச்சீமை"ன்னு படிச்சதால தான் பரீட்சைல அது மறக்கவே இல்ல.

வீட்டுக்காரருக்கு நேர்லயே சொல்லிக்கிறேன், ரெக்கார்ட் நோட்டுல படம் வரைஞ்சு கொடுத்ததை இங்க எழுதுனா அசிங்கம்.

திங்கக்கிழமை வேலைல சேருறேன். ஞாயித்துக்கிழமை எல்லார் வீட்டுக்கும் ஸ்வீட்டோட வரேன், லேட்டானா அழைச்சிட்டுப் போகன்னு எனக்காக ஸ்டாண்டுலயே நின்ன ஷேர் ஆட்டோ அண்ணனுக்கு மட்டும் சுகர் இருக்கு, அவருக்கு மிக்சர்.