அப்பத்தா வீட்டு மாடி

மதுரை,
மாசி 12

அன்புள்ள மாப்பிள்ளை சுந்தரத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே பதில் எழுதாததற்குச் சோம்பேறித்தனத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. பேத்திக்கு முதல் பல் முளைத்துவிட்டது. என் விரலைக் கடித்துத்தான் பழகுகிறாள். வெயிலும் இப்போதே ஆரம்பித்துவிட்டது.

வடக்கு ஆவணி மூல வீதிப் பக்கத்து அப்பத்தா வீட்டைச் சரிபண்ணிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து ஊருக்கே வந்துவிடப் போகிறாய் என்று படித்ததும் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் கொத்தனார் சொன்னதாக ஒரு வரி எழுதியிருந்தாயே, “சொந்த வீட்டுக்குள்ள வேலை பாக்குறதுக்கு எவன்கிட்ட கேக்கணும்?” என்று, அதுதான் உறுத்துகிறது. இதே வசனத்தை நம்பி நான் பட்டிருக்கிறேன்.

அவர் சொன்னதில் பாதி சரி. வெள்ளையடிப்பது, பெயின்ட், உதிர்ந்த இடத்தில் பூச்சு, தரையைப் பெயர்த்து டைல்ஸ் போடுவது, அறைக்கும் அறைக்கும் நடுவே கதவு வைப்பது, உள்ளே தடுப்பு எழுப்புவது, இதற்கெல்லாம் யாரிடமும் போக வேண்டியதில்லை. 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலேயே இருக்கிறது. ஜன்னலும் வைக்கலாம், அடுத்தவர் இடத்தைப் பார்த்துத் திறக்காத வரைக்கும். கிழக்குச் சுவரில் ஜன்னல் என்கிறாயே, அந்தப் பக்கம் யாருடைய முற்றம் என்று ஞாபகம் இருக்கிறதா?

ரேழிக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற சுவரைத் தட்டிவிட்டு ஹாலைப் பெரிதாக்குகிறேன் என்கிறாய். அது வெறும் தடுப்பு இல்லையப்பா, மரச்சட்டத்தின் மேல் செங்கல் அடுக்கிய அந்தப் பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையின் உத்திரங்கள் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதில் கடப்பாரை படுவதற்கு முன்னால் ஒரு இன்ஜினியர் வந்து பார்க்க வேண்டும். கொத்தனாரின் கைராசி மட்டும் போதாது.

மாடியில் அறை என்றால் பேச்சே இல்லை, மாநகராட்சியில் வரைபடம் கொடுத்து அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். உனக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது. அந்தக் காலத்துக் கூடம், கூரையே பன்னிரண்டு அடி உயரம். திண்ணை உயரம், மேலே ஓர் அறை, கைப்பிடிச் சுவர் எல்லாம் சேர்த்தால் இருபத்தேழு அடி ஆகிவிடும்; 9 மீட்டர் என்பது இருபத்தொன்பதரை அடிதான். அதற்கும் மேலே இன்னொரு தளம் என்று உன் மருமகன் ஆசைப்பட்டால் இப்போதே சொல்லிவிடு. மாடியில் நின்று மொட்டைக் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே காபி குடிக்கலாம், அவ்வளவுதான்.

என் கதையைக் கேள். பையன் கல்யாணத்துக்கு முன் மேலே ஒரு அறையும் பாத்ரூமும் போட்டேன். அனுமதி வாங்கவில்லை. யாரும் வந்து கேட்கவும் இல்லை, நோட்டீஸும் வரவில்லை. நானும் கெட்டிக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு வருஷம் கழித்து வீட்டின் பேரில் கடன் கேட்டுப் போனபோது, வங்கி அனுப்பிய இன்ஜினியர் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, “கீழே இருக்கிறதுக்கு மட்டும்தான் சார் மதிப்புப் போட முடியும், மேலே இருக்கிறது பிளான்ல இல்லையே” என்றார். ஆறு லட்சம் போட்டுக் கட்டியது காகிதத்தில் வெறும் ஆகாயம். கடன் குறைந்துபோய், மீதிக்கு உன் தங்கச்சியின் வளையல்கள்தான் அடகுக்குப் போயின. அந்தப் பேச்சு இன்றைக்கும் வீட்டில் ஓயவில்லை.

என் மச்சான் பையன் திருமங்கலம் பக்கம் புதுவீடு போடுகிறான். விதிப்படிதான் கட்டுகிறேன் என்று நாமே உறுதி கொடுத்து உடனே அனுமதி வாங்குகிற சுயசான்றுத் திட்டம் 2024 ஜூலையில் வந்ததே, அதில் இணையத்திலேயே விண்ணப்பித்தான். மனை 2,500 சதுர அடிக்குள், கட்டடம் 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமும் மட்டும் என்றால் இந்த வழி. எனக்கு அப்போது அது இருந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். உன்னுடையது பழைய வீட்டோடு சேர்த்துக் கட்டுவது என்பதால், எந்த வழியில் போடுவது என்று பதிவுபெற்ற இன்ஜினியரிடமே கேட்டுக்கொள்.

அவர் முதலில் கேட்கப் போவது பத்திரமும் பட்டாவும். அங்கேதான் உனக்குச் சிக்கல். வீடு இன்னும் தாத்தா பேரில்தானே கிடக்கிறது? வாரிசுச் சான்றிதழ் வாங்கி, பேரை மாற்ற வேண்டும். அதற்கு உன் அக்கா கையெழுத்து வேண்டும். பாகம் பிரித்ததிலிருந்து நீங்கள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்று எனக்குத் தெரியாதா? நீ போன் போட்டு எதையாவது சொல்லிக் கெடுத்துவிடாதே. அடுத்த வாரம் செல்லூர்ப் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, அப்படியே அக்கா வீட்டில் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். அதுவரைக்கும் கொத்தனாருக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

உன்,
முத்து