மாட்டுத் தீவனத்துக்கு ஒரு களமும் ஒரு கொட்டகையும்: ஊர்க் குழுவின் நன்கொடை வேண்டுகோள்

ஊரில் இருக்கும் எல்லோருக்கும், திருப்பூர், கோவை, சென்னை என்று பிழைப்புக்குப் போன நம் பிள்ளைகளுக்கும், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து வந்துபோகும்போதெல்லாம் தூக்குப்போசியில் நம் ஊர்ப் பாலை வாங்கிப் போகும் அக்கா தங்கைகளுக்கும் தீவனக் குழுவின் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறோம். பணம் கேட்டுத்தான் எழுதுகிறோம். எதற்கு என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

போன கார்த்திகையில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மக்காச்சோளம் அறுத்து, மெஷினில் அடித்து, வழக்கம்போல் தார் ரோட்டின் ஒரு பக்கமாகக் கொட்டிக் காயவைத்திருந்தோம். இரண்டு நாள் நல்ல வெயில். மூன்றாம் நாள் சாயங்காலம் மேகம் கூடவும் அள்ளிக் குவித்து, தார்ப்பாயைப் போர்த்தி, ஓரத்தில் கல் வைத்தோம். மழை நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலையில் தார்ப்பாயைத் தூக்கியதும் இட்லிக் குண்டானைத் திறந்தது மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்ட ஒருவர் சூடு தாங்காமல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அடியில் இருந்த மணிகள் பொரி உருண்டை போல ஒட்டிக்கொண்டு கட்டி கட்டியாக வந்தன. உடைத்தால் உள்ளே மஞ்சள் கலந்த பச்சைப் பொடி.

கோழித் தீவனத்துக்கு எடுக்க வந்த வியாபாரி ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்தார். ஈரமானியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. "இது கோழிக்கு ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

கோழிக்கு ஆகாதென்று அவர் விட்டுப்போனதை நாம் என்ன செய்தோம்? திரும்பவும் வெயிலில் போட்டு, பூசணத்தைத் தட்டிவிட்டு, அரைத்து மாட்டுக்கு வைத்தோம். இதை எழுதுகிறவர் வீட்டுக் கட்டுத்தரையிலும் அதேதான் நடந்தது. "காஞ்சா எல்லாம் சரியாப் போயிரும்" என்று நாலு பேருக்கு யோசனை சொன்னதும் இவரேதான். பத்துப் பன்னிரண்டு நாளில் பால் இறங்கியது. சில மாடுகளுக்குக் கழிச்சல். ஒரு வீட்டில் ஏழு மாதச் சினை கலைந்தது. வந்த கால்நடை மருத்துவர், மாட்டைத் தொட்டுப் பார்க்கும் முன்பே தீவன மூட்டையைக் கொண்டுவரச் சொன்னார். சினை கலைந்ததற்கு இதுதான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் மூட்டையை முடிச்சுப் போட்டு, குழி தோண்டிப் புதைத்துவிடச் சொன்னார்.

அதே மழையில் ஆடிப் பட்டத்துச் சோளத்தட்டும், அதாவது மாட்டுக்குப் போடும் சோளத் தண்டும், போனது. அறுத்துக் காயப்போட்டிருந்த தட்டு நனைந்து, சரியாக உலராமலே போர் ஏறியது. தை மாதம் பிரித்தால் நடுவில் கருகருவென்று இருந்தது, உதறினால் கரித்தூள் மாதிரி பறந்தது. பிரித்தவர்களுக்கு இரண்டு நாள் இருமல். ஈரத்தோடு அடைத்த போர் உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடிப்பதும் உண்டு. நமக்கு அந்த மட்டும் தப்பியது.

இந்தப் பூசணத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அந்த மஞ்சள் பச்சைப் பொடி பெரும்பாலும் அஸ்பெர்ஜில்லஸ் என்கிற பூஞ்சை. அது அஃப்ளாடாக்ஸின் என்ற நஞ்சை உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்து விழுந்து, காரணத்தைத் தேடிப் போனபோது கையில் சிக்கியது கடலைப் புண்ணாக்கு. அப்போதுதான் இந்த நஞ்சை உலகம் அடையாளம் கண்டது. பூசணத்தைத் தட்டிவிடலாம், கழுவலாம், வெயிலில் போடலாம். மணிக்குள் இறங்கிய நஞ்சு அங்கேயேதான் இருக்கும். அரைத்தாலும் வேகவைத்தாலும் போகாது.

மாடு தின்னும் நஞ்சில் ஒரு சிறு பங்கு வேறு வடிவில் பாலுக்கு வந்துவிடும். பாலைக் காய்ச்சினாலும் அது அழியாது. ஒரு கிலோ பாலில் 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் 2018இல் நாடு முழுக்க 6,432 பால் மாதிரிகளை எடுத்துப் பார்த்தது. 368இல் இந்த நஞ்சு அளவைத் தாண்டியிருந்தது. தமிழ்நாட்டில் எடுத்த 551 மாதிரிகளில் மட்டும் 88. எண்ணிக்கையில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. தண்ணீர் கலந்தால் பிடித்துவிடுகிறார்கள், அதனால் பயப்படுகிறோம். இதை யாரும் நம்மைக் கேட்டதில்லை. அந்தப் பாலைத்தான் நம் வீட்டுக் குழந்தைகளும் குடிக்கிறார்கள்.

வாடிய இளஞ்சோளத்தை மாடு மேய்ந்தால் கண் முன்னாலேயே விழுந்துவிடும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் யாரும் அந்தக் காட்டுப் பக்கம் மாட்டை விடுவதில்லை. பூசணம் அப்படி உடனே கொல்லாது. மெதுவாக ஈரலைத் தின்னும், பாலைக் குறைக்கும், சினையைக் கெடுக்கும். அதனால்தான் நமக்குப் பயமே வரவில்லை.

நம் அப்பாருமார் காலத்தில் ஒரு தட்டுப்போர் இரண்டு வருஷம் நிற்கும். பஞ்சம் வந்தால் அதைப் பிரித்துத்தான் மாட்டைக் காப்பாற்றினார்கள். அவர்களுக்கு இரண்டு வசதி இருந்தது. ஒன்று, ஊருக்குத் தெற்கே இருந்த பாறைக்களம். காலையில் போட்டால் மேலேயும் வெயில், கீழேயும் சூடு. சாயங்காலத்துக்குள் கொள்ளு, சோளம் எல்லாம் கலகலவென்று காய்ந்துவிடும். இப்போது அங்கே பாறை இல்லை, குழிதான் இருக்கிறது. இன்னொன்று, போர் போடத் தெரிந்த கை. கல் பரப்பி, அதன்மேல் விறகு போட்டு, தட்டைச் சரித்து அடுக்கி, மேலே கூம்பாக முடித்தால் எவ்வளவு மழை அடித்தாலும் தண்ணீர் வெளியே வடிந்துவிடும், ஒரு சாணுக்குக் கீழே இறங்காது. அப்படிப் போடத் தெரிந்தவர்கள் இன்று ஊரில் மூன்றே பேர், மூன்று பேரும் எழுபதைத் தாண்டியவர்கள்.

ஆக, விளைவிப்பதில் நமக்குக் குறை ஒன்றும் இல்லை. அறுப்புக்கும் அடைப்புக்கும் நடுவில் இருக்கும் அந்த இரண்டு மூன்று வாரத்தில்தான் எல்லாவற்றையும் தொலைக்கிறோம். நம் அறுவடை ஐப்பசி கார்த்திகை மழையோடு வந்து முட்டிக்கொள்கிறது. இரண்டு ஏக்கர், மூன்று மாடு வைத்திருக்கும் வீடு தனியாக ஒரு களமும் கொட்டகையும் கட்ட முடியாது. 64 வீடுகள் சேர்ந்தால் முடியும். அதனால்தான் இந்தக் குழு.

எங்கள் திட்டம் இதுதான். பால் சங்கத்துக்குப் பின்னால் மேடான இடத்தில் 60 அடிக்கு 50 அடியில் ஒரு சிமெண்டுக் களம், தண்ணீர் ஒரு பக்கம் வடியும்படி. அதை ஒட்டி 60 அடிக்கு 30 அடியில் ஒரு கொட்டகை. தரை இரண்டடி உயரம், மேலே தகரக் கூரை, காற்றுப் போக பக்கச் சுவர் பாதி மட்டும். மூட்டைகள் தரையையோ சுவரையோ தொடாமல் பலகை மேல் இருக்கும். தட்டும் கடலைக்கொடியும் ஒரு பக்கம், மக்காச்சோளம் மறுபக்கம்.

அடுத்தது சைலேஜ் குழி இரண்டு, அதாவது பச்சைத் தீவனத்தை நறுக்கி, காற்றுப் புகாமல் அடைத்துப் புளிக்க வைக்கும் குழி. மழைக்காலத்தில் பச்சைத் தீவனம் தின்ன ஆளில்லாமல் முற்றிப் போகிறது, மாசி பிறந்தால் ஒரு பிடி பச்சைக்கு அலைகிறோம். காய வைக்க வெயில் இல்லாத நாளில் இப்படிப் புளிக்க வைத்துவிடலாம். மக்காச்சோளம் பால் பிடித்து முற்றத் தொடங்கும் பருவத்தில் அறுத்து, ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, குழியில் பரப்பிப் பரப்பி டிராக்டரை ஏற்றி மிதிக்க வேண்டும். நறுக்கியதை ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், விட்டதும் உதிர்ந்தால் ஈரம் போதாது. உருண்டையாக நின்று மெதுவாக விரிந்தால் அதுதான் பதம். காற்றுப் புகாமல் பாலித்தீன் ஷீட் போட்டு மேலே மண்ணோ பழைய டயரோ வைத்து அழுத்தினால் சுமார் 45 நாளில் தயார். நல்ல சைலேஜில் பழம் புளித்த மாதிரி ஒரு வாசம் வரும். நாற்றமெடுத்தால் எங்கேயோ காற்றுப் புகுந்திருக்கிறது, அல்லது ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம். 30 அடி நீளம், 10 அடி அகலம், 6 அடி உயரம் உள்ள ஒரு குழியில் ஏறக்குறைய 28 டன் கொள்ளும். மாட்டுக்கு நாளொன்றுக்கு 15 கிலோ என்றால் 30 மாடுகளுக்கு இரண்டு மாதம் வரும். ஊரில் உள்ள மாடுகளுக்கு இது போதாதுதான். செய்து கைப்பழக்கம் வரட்டும், அப்புறம் பெருக்கிக்கொள்ளலாம்.

கொட்டகை வாசலில் ஈரமானி இருக்கும். மக்காச்சோளத்தில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் காட்டினால் மூட்டை களத்துக்குத் திரும்பும், தலைவர் வீட்டு மூட்டையாக இருந்தாலும் சரி. இந்த விதியை எழுதும்போதே கூட்டத்தில் ஒரு சண்டை நடந்தது, தலைவர்தான் கடைசியில் கையெழுத்துப் போட்டார். ஈரமானி இல்லாத வீட்டில் ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாம். நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் மணியும், வறுத்து ஆறவைத்த உப்பு ஒரு பிடியும் போட்டு மூடிக் குலுக்குங்கள். கால் மணி நேரம் கழித்து உப்பு பாட்டில் சுவரில் ஒட்டியிருந்தால் மணி இன்னும் காயவில்லை.

இனி கணக்கு. களத்துக்கு ₹2,85,000. கொட்டகைக்கு ₹7,56,000. குழி இரண்டுக்கும் சேர்த்து ₹3,40,000. தட்டு நறுக்கும் மெஷினுக்கு ₹1,35,000. ஈரமானி, தராசு, பலகை, தார்ப்பாய் வகைக்கு ₹64,000. மொத்தம் ₹15,80,000. வீட்டுக்கு ₹5,000 வீதம் 64 வீடுகளும் போட்டதில் ₹3,20,000 கையில் இருக்கிறது. ஒரே தவணையில் கட்ட முடியாதவர்கள் பால் பணத்தில் பிடித்தம் செய்யச் சொன்னார்கள், பங்குனியோடு எல்லோருக்கும் தீர்ந்துவிட்டது. மண் வேலையும் கல் தூக்குவதும் நம் ஆட்களே, அதற்குக் கூலி இல்லை.

மீதி ₹12,60,000. அவ்வளவும் ஒரே மூச்சில் வரும் என்று நாங்கள் கனவு காணவில்லை. களமும் கொட்டகையும் மட்டும் இந்த மழைக்கு முன்னால் நின்றாக வேண்டும். அதற்கு இன்னும் ₹7,21,000 தேவை, ஆவணி முடிவதற்குள் வேண்டும். குழியும் மெஷினும் தைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சின்னத் தொகை கொடுக்கக் கூச்சப்பட வேண்டாம். களத்தில் ஒரு சதுர அடி ₹95, கூரையோடு கொட்டகையில் ஒரு சதுர அடி ₹420. பத்துக்குப் பத்து களம் ₹9,500. ஒரு தம்பி, "எங்க அமுச்சி பேர்ல நாலு அடி போட்டுக்குங்க" என்று ₹380 கொடுத்துவிட்டுப் போனான். அந்த நாலு அடிக்கும் ரசீது கிழித்துக் கொடுத்தோம். சிமெண்டு, ஜல்லி, கம்பி, நல்ல நிலையில் உள்ள பழைய தகரம் எதுவானாலும் வாங்கிக்கொள்வோம்.

சிலர் கேட்கிற கேள்விகள் இரண்டு. அரசு மானியம் கேட்கவில்லையா என்பது ஒன்று. கேட்டிருக்கிறோம், வந்தால் அது குழிக்கும் மெஷினுக்கும் போகும். மழை அதற்காகக் காத்திருக்காது. கட்டிவைத்த சைலேஜ் மூட்டை கடையிலேயே கிடைக்கிறதே என்பது இன்னொன்று. கிடைக்கிறது, கோடையில் வாங்கவும் செய்கிறோம். நம் காட்டில் விளைந்ததை அழுகவிட்டு, அதையே வேறு ஊரிலிருந்து வண்டி வாடகை கொடுத்து வாங்குவதை எத்தனை வருஷத்துக்குச் செய்வது?

நன்கொடையாளர் பெயரைச் சுவரில் எழுதப் போவதில்லை. பெயர் எழுதினால் சுவரைவிடப் பேச்சு பெரிதாகிவிடும் என்று தீர்மானித்தோம். வரவு செலவு நோட்டு பால் சங்கத்து மேசையில் இருக்கும், காலைப் பால் ஊற்ற வருகிற யாரும் புரட்டிப் பார்க்கலாம். மாதக் கடைசியில் அதன் நகல் பலகையில் ஒட்டப்படும். வெளியூரில் இருப்பவர்கள் ஊரில் உள்ள தங்கள் வீட்டார் மூலம் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீது இல்லாமல் யார் கேட்டாலும், குழுவில் இருப்பவரே கேட்டாலும், கொடுக்காதீர்கள்.

பணம் இல்லாமல் ஓர் உதவியும் கேட்கிறோம். போர் போடத் தெரிந்த மூன்று பெரியவர்களும் வருகிற மார்கழியில் ஒரு நாள் களத்துக்கு வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஏறி அடுக்க இளவட்டங்கள் வேண்டும், பத்துப் பேராவது. தட்டு அரிக்கும், முழுக்கைச் சட்டை போட்டு வாருங்கள். மதியச் சாப்பாடு குழுவுடையது.