மகளிர் பரிசோதனைத் தொகுப்பிலிருந்து சிஏ 15-3ஐ எடுத்துவிடுங்கள்

தமிழகத்தின் தனியார் மருத்துவ ஆய்வக நிர்வாகிகளுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் என்னிடம் வந்த 42 வயதுப் பெண்மணி, உட்காரும் முன்பே பிளாஸ்டிக் உறையிலிருந்து ஓர் ஆய்வக அறிக்கையை எடுத்து மேசையில் வைத்தார். மார்பகப் புற்றுநோய்க்கான இரத்தக் குறியீடான சிஏ 15-3இன் அளவு 18; எதிரே ‘30க்குக் கீழ் இயல்பு’ என்ற வரியை யாரோ சிவப்பு மையால் வட்டமிட்டிருந்தார்கள். இடது மார்பில் கட்டி தட்டுப்பட்ட வாரத்திலேயே, தள்ளுபடி விலையில் வந்த மகளிர் நலத் தொகுப்பில் இரத்தம் கொடுத்திருக்கிறார். “ரத்தத்துல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க டாக்டர்” என்று ஐந்து மாதம் இருந்துவிட்டார். திசுப் பரிசோதனையில் வந்தது டிரிப்பிள் நெகட்டிவ் வகை. ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன், ஹெர்-2 ஆகிய மூன்று ஏற்பிகளும் (மருந்துகள் குறிவைக்கும் செல் புரதங்கள்) இல்லாத, விரைந்து பரவும் புற்று. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது.

சிஏ 15-3 என்பது மியூசின்-1 என்னும் புரதத்திலிருந்து உதிரும் துண்டு. பரவிய நோய் சிகிச்சைக்கு அடங்குகிறதா என்று பார்க்க அது உதவும். தொடக்க நிலைக் கட்டி பெரும்பாலும் அதை உயர்த்துவதில்லை. கல்லீரல் நோயோ உயர்த்திவிடும். நோயைத் தேடவோ உறுதிசெய்யவோ இதைப் பரிந்துரைக்கப் போதிய ஆதாரமில்லை என்று அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2007இலேயே சொல்லிவிட்டது.

கட்டியிலிருந்து இரத்தத்தில் கலக்கும் டிஎன்ஏ துணுக்குகளைத் தேடும் புதிய சோதனைகளை நான் குறை சொல்லவில்லை. டிரிப்பிள் நெகட்டிவ் நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின்னும் துணுக்கு தென்பட்டால், நோய் திரும்பும் ஆபத்து கூடுதல் என்பது உறுதிப்பட்டிருக்கிறது. ஆயினும் இத்தகைய நோயாளிகளிடம் துணுக்கைத் தேடிய பிரிட்டனின் சி-டிராக் டிஎன் ஆய்வில், துணுக்கு தென்பட்டு மருந்து தரும் பிரிவுக்குத் தேர்வானவர்களில் பெரும்பாலோருக்கு, ஸ்கேன் எடுத்தபோது நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. நோய் அறியப்பட்டவர்களிடமே நிலை இதுவென்றால், நலமாயிருப்பவர்களிடம் விற்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: நோயற்றவரை நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் சோதனைகூட, ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ ஆயிரம் பேரை வீணாகக் கலங்கடிக்கும்.

மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1,51,538 பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து 2021இல் வெளியிட்ட முடிவில், பயிற்சி பெற்ற பணியாளர்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் மார்பைப் பரிசோதித்ததே, 50 வயதைக் கடந்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய் இறப்பை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்தது. இதற்கு ஒரு சொட்டு இரத்தமும் தேவைப்படவில்லை.

ஆகவே சிஏ 15-3ஐத் தொகுப்புகளிலிருந்து நீக்கி, நோய் உறுதியானவர்களுக்கு மருத்துவர் எழுதித் தந்தால் மட்டும் செய்யுங்கள். அறிக்கையில் அந்த எண்ணுக்கு நேர் கீழே, அதே எழுத்தளவில், தமிழில் அச்சிடுங்கள்: ‘இந்த அளவு இயல்பாக இருந்தாலும் புற்றுநோய் இல்லை என்று பொருளல்ல; கட்டி இருந்தால் உடனே மருத்துவரிடம் காட்டவும்.’ இப்போதும் எச்சரிக்கை இருக்கிறது என்பீர்கள். கடைசிப் பக்கத்தில், ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருக்கிறது. அந்தப் பெண்மணியின் உறையில் அந்தப் பக்கமே இல்லை.

இப்படிக்கு,
அரசு மருத்துவமனை அறுவை மருத்துவர் ஒருவர்